அறுபத்திரண்டில் நிற்க வேண்டும்

அறுபத்திரண்டில் நிற்க வேண்டும். பதினெட்டு நாளும் அறுபத்திரண்டில்தான் நின்றது, இன்று பத்தொன்பதாவது நாள். மேலே இருந்து ஒரு அறுபத்திரண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அறுபத்திரண்டு, வலப்பக்கம் எழுபத்தைந்து, இடப்பக்கம் எழுபத்தைந்து, ஆக இருநூற்று எழுபத்து நான்கு. அதன் பிறகு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம். யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. அசையாமல் படுத்திருங்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள். ஆனால் கண்ணை மூடினால் பயம் வருகிறது, கண்ணைத் திறந்தால் அந்த மெஷினின் இரும்புத் தலை என் வயிற்றுக்கு நேரே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறது, எண்ணாமல் எப்படிக் கிடப்பது. ஒன்பது, பத்து. கதவு மூடிவிட்டது. ஒரு முழம் கனம் இருக்கும் அந்தக் கதவு. அது மூடும்போது சத்தமே வராது, காதுக்குள் ஒரு அடைப்பு மட்டும் விழும். எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கெட்டது என்று தெரிந்துதானே போகிறார்கள், அவ்வளவு கனமான கதவைப் போட்டுக்கொண்டு. கெட்டதையே நல்லதுக்கு வைக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரி பேச்சிமுத்துவுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன், முதல் நாள் அவள் அழுதபோது. இப்போது அவள் அழுவதில்லை, கேலி பேசுகிறாள். இன்று காலையில்கூட, இட்லியை எண்ணித் தட்டில் எடுத்து வைத்ததைப் பார்த்து, "கரண்டு வைக்கிறதுதான் வைக்கிறாவ, ஒங்க கணக்குப் பைத்தியத்தையும் சேத்துக் கருக்கிவிட்டா நல்லாருக்கும்" என்றாள். எங்கள் பக்கத்தில் இதைக் கரண்டு என்றுதான் சொல்வார்கள். கரண்டு இல்லை, உள்ளே ஒரு உலோகம் இருக்கிறது, அது ராத்திரி பகல் எந்நேரமும் கதிர் வீசிக்கொண்டே இருக்கும், அதை அணைக்க முடியாது, திறந்து மூடத்தான் முடியும் என்று பழைய டெக்னீசியன் அம்மா லீலாவதி சொன்னார். ரயில் கேட்டும் அப்படித்தான். ரயிலை நிறுத்துவது என் வேலை இல்லை, திறந்து மூடுவது மட்டும்தான். இருபத்தேழு வருஷம் அந்த வேலை பார்த்தவனை இப்போது இன்னொரு கேட்டுக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்கள். திறக்கும்போது ஒரு 'டக்', மூடும்போது ஒரு 'டக்', நடுவில் அறுபத்திரண்டு. முப்பத்தொன்று. பாதி ஆகிவிட்டது.

மூத்திரம் முட்டுகிறது. மூன்று தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் அப்படி. மலக்குடலில் எனக்குப் புற்றுநோய். பை நிறைந்திருந்தால் நல்ல குடல் மேலே ஒதுங்கி நிற்கும், கரண்டு அதில் படாது என்றார்கள். என்கூட வரிசையில் உட்காரும் சூசைமாணிக்கத்துக்கு மூத்திரப் பையிலேயே நோய், அதனால் அவர் ஒன்றுக்குப் போய்விட்டுத்தான் வரவேண்டும். "பாத்தியளா அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் ஒரே பக்கத்துல அடுப்பு, ஒங்க அடுப்புல தண்ணி இருக்கணும், எங்க அடுப்புல இருக்கப்பிடாது" என்று அவர்தான் சொல்லிச் சிரித்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மினி லாரி ஓட்டினவர். பொண்டாட்டி இல்லை, இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை உண்டு. நாற்பத்தொன்பது, ஐம்பது. இன்று வரிசையில் எனக்கு அடுத்தவர் அவர். இங்கே ஒரு வழக்கம். வந்ததும், கரண்டு வைக்கும் நேரமும் அளவும் எழுதின அவரவர் மஞ்சள் அட்டையை ஜன்னலில் இருக்கும் தட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட வேண்டும். உள்ளே அதை அப்படியே கவிழ்த்து எடுப்பார்கள், முதலில் வைத்தவன் அட்டை மேலே வரும். "அடுத்து வாங்க" என்று குரல் வரும், அடுத்தவன் எழுந்து போவான். எங்களுக்குள் யார் முன்னே யார் பின்னே என்று தெரியும். இன்று என் முறை வந்து நான் எழுந்திருக்கும்போது சூசைமாணிக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, பன்னெண்டு இருவது பஸ்ஸ விட்டா அடுத்தது மூணேகாலுக்குத்தான். பிள்ளைக்கு இன்னைக்கு அரை நாள் பள்ளிக்கூடம், வாசல்ல நிக்கும். நான் ஒரு எட்டு முந்திப் போயிக்கிடட்டுமா?" எனக்கு மூத்திரம் அப்போதே முட்டியது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வராது, சின்ன வயதிலிருந்தே வராது. "போங்க, போங்க" என்றேன். போனார். ஏழு நிமிஷத்தில் வேட்டி முடிச்சைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்து, "ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கும்பிட்டுவிட்டு ஓடினார். மறுபடி "அடுத்து வாங்க" என்றது குரல், நான் வந்தேன். அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

நிற்கவில்லை. அறுபத்து மூன்று. அவசரத்தில் வேகமாக எண்ணிவிட்டேனா. மூத்திரம் முட்டுகிறவன் வேகமாகத்தான் எண்ணுவான். அறுபத்து நான்கு, அறுபத்தைந்து. இல்லை, என் எண்ணிக்கை அப்படிப் போகாது. நினைப்பு எங்கே போனாலும் எண்ணிக்கை தன்பாட்டுக்குப் போகும், நடக்கும்போது கால் போகிற மாதிரி. சரக்கு வண்டியில் ஐம்பத்தெட்டுப் பெட்டி என்று நான் சொன்னால் ஸ்டேஷனில் மறுபேச்சு கிடையாது. அறுபத்தெட்டு. இரண்டு கூடலாம், மூன்று கூடலாம், மனுஷன் மணிக்கூண்டு இல்லை. எழுபது. எழுபத்தொன்று. வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை. சுடவில்லை, குத்தவில்லை. சுட்டாலாவது யாருக்கும் புரியும். ஒன்றுமே தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. எழுபத்தைந்து. இந்த அட்டை யாருடைய அட்டை. வரிசையில் நாங்கள் மாறிக்கொண்டோம், தட்டில் அட்டை மாறவில்லை. எழுபத்தாறு. மேலே இருந்தது என் அட்டை, போனது சூசைமாணிக்கம். அடுத்து இருந்தது அவர் அட்டை, வந்து படுத்துக் கிடப்பது நான். எழுபத்தெட்டு. மெஷின் வைக்கிற அந்தப் பெண் என்னிடம் பெயர் கேட்டாளா? கேட்கவில்லை. "வாங்க தாத்தா, படுங்க, வேட்டியத் தளத்துங்க" என்றாள், இடுப்பில் போட்டிருக்கும் ஊதாக் கோட்டுக்கு நேராக விளக்கைக் கொண்டுவந்தாள், வெளியே போனாள். கோடு எல்லோருக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் விளக்குச் சதுரம் தொப்புளுக்கு மேலே ஏறியிருந்தது, நான் பார்த்தேன், பார்த்துவிட்டு அதை ஒரு பொருட்டாக வைக்கவில்லை. எண்பது. எண்பத்தொன்று. டக்.

கதவு திறக்கிற சத்தமும் வராது, காது மட்டும் விட்டுப்போகும். அந்தப் பெண் வருகிறாள். பிரதீபா என்று பெயர், வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறதாம். இரண்டு பேர் பார்க்கிற வேலை. லீலாவதி அம்மா ஒரு வாரத்துக்கு முன் மாற்றலாகிப் போய்விட்டார், இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, வெளியே நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். லீலாவதி அம்மா இருந்தவரை ஒரு நாள்கூட விட்டதில்லை: உங்க பேரு என்ன, அப்பா பேரு என்ன, உங்க நம்பர் என்ன. தினமும் பார்க்கிற முகத்திடம் எதற்கு இது என்று சூசைமாணிக்கம் சலித்துக்கொள்வார், "எங்கப்பா பேரு நேத்தைக்கும் இன்னைக்கும் நடுவுல மாறிட்டா, அம்மா?" என்பார். எனக்கு மட்டும் அது பிடிக்கும். கேட்டில் நாங்கள் அப்படித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து கேட்டை மூடு என்பார், மூடிப் பூட்டிச் சாவியை எடுத்த பிறகு, என்னிடம் இருக்கும் தாளிலிருந்து ஒரு ரகசிய எண்ணை அவருக்குச் சொல்ல வேண்டும். வெறுமனே நாற்பத்தேழு என்று சொல்லக் கூடாது. நாலு, ஏழு, நாற்பத்தேழு. அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்லிவிட்டால்தான் சொன்னது சொன்னதாகும், அதற்கு முன் அது வெறும் சத்தம். இப்போது இவள் பக்கத்தில் நிற்கிறாள். சொல்லிவிடலாம். கையில் ஒரு பொத்தான் பெட்டியைப் பிடித்து அமுக்குகிறாள், இரும்புத் தலை நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்குக் கீழே போகிறது. அவள் கக்கத்தில் மஞ்சள் அட்டை இருக்கிறது. எனக்கு ஓரம் மட்டும்தான் தெரிகிறது. அம்மா, அந்த அட்டையைக் கொஞ்சம் பாருங்கள் என்று சொன்னால் போதும். ஐந்து வார்த்தை. வேட்டி தொடை வரை இறங்கிக் கிடக்கிறது, என் பேத்தி வயதுப் பெண், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். இந்தக் கோலத்தில் இவளிடம் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்பதா. கேட்டால் வரிசை மாறினது வெளியே வரும், சூசைமாணிக்கத்தைத் திட்டுவார்கள், என்னையும் திட்டுவார்கள், கிழவனுக்கு எல்லாம் தெரியுமோ என்பார்கள். எண்ணினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். "அம்மா" என்றேன். பாதிதான் வந்தது. "ஆச்சு தாத்தா, ஆச்சு. அசையாதீங்க. ஏதாச்சும்னா கையத் தூக்குங்க, டிவியில பாத்துட்டுத்தான் இருப்பேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். காது அடைத்தது.

டக். ஒன்று, இரண்டு. இனிமேல் இது முதுகு வழியாக வருகிறது. முதல் தடவை தெரியாமல் நடந்தது, இது தெரிந்து நடக்கிறது. ஏழு, எட்டு. கை தூக்கலாம். அசையாதீங்க என்றும் சொல்லியிருக்கிறாள், கையைத் தூக்குங்க என்றும் சொல்லியிருக்கிறாள். அட்டை என்னுடையதாகவே இருந்து, டாக்டர் ஏதோ காரணத்துக்காக இன்று நேரத்தைக் கூட்டியிருந்து, நான் தூக்கின தூக்கில் இடுப்பு நகர்ந்துபோனால், ஒழுங்காகப் பட்டுக்கொண்டிருந்ததையும் நானே கெடுத்தவனாவேன். பதினான்கு. சும்மா கிடந்தால் என்ன. ஒரு நாள்தானே. ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது. டிராக்டர்காரன் சொன்னான். பதினேழு, பதினெட்டு. கேட்டில் வேலைக்குச் சேர்ந்து எட்டாவது வருஷம், மத்தியானம் இரண்டே முக்கால் பாசஞ்சர். மூடப் போகிற நேரத்தில் விறகு ஏற்றின டிராக்டர் வந்து நின்றது, "அண்ணாச்சி, ஒரே நிமிசம், வீட்டுல காரியம்" என்றான். போனில் மாஸ்டர் அவசரப்படுத்தினார். இவன் போனதும் மூடிவிடப்போகிறோம்தானே என்று நான் எண்ணைச் சொல்லிவிட்டேன். மூன்று, ஆறு, முப்பத்தாறு. அவரும் திருப்பிச் சொன்னார். கேட் திறந்தே இருந்தது. டிராக்டர் முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டினதும் எஞ்சின் நின்றுவிட்டது. இருபத்திரண்டு. நான் கொடியைத் தேடினேன், கொடி உறையில் சிக்கிக்கொண்டு வரவில்லை. வளைவில் ரயில் ஊதின சத்தத்திலிருந்து எண்ணினேன். முப்பத்து மூன்றில் டிராக்டர் உறுமிக்கொண்டு ஏறிப்போனது, நாற்பத்து நான்கில் ரயில் வந்தது. நடுவே பதினொன்று. அந்தப் பதினொன்றை வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். "ஒண்ணும் ஆவலல்லா அண்ணாச்சி" என்று அவன் சிரித்தான். நான் பதிவேட்டில் இரண்டு நாற்பத்தொன்றுக்குக் கேட் மூடப்பட்டது என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கோடு போட்டேன். பேச்சிமுத்துவுக்குக்கூடத் தெரியாது. அன்றிலிருந்துதான் எண்ணுகிறேன். இருபத்தொன்பது. அன்றைக்கும் இதேதான், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாமல் போனது. போங்க போங்க என்றேன். இரண்டு தடவையும் அதே வார்த்தை.

முப்பது. கை தூக்கிவிட்டேன். இடுப்பைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு வலது கையை மட்டும் மெல்ல, முழங்கை கட்டிலை விட்டு எழும்பி, விரல்கள் விரிந்து, மேலே. அங்கே மூலையில் கருப்புக் கண் ஒன்று இருக்கிறது, அது பார்க்கும். முப்பத்தொன்று. பார்க்கவில்லை. முப்பத்திரண்டு. அடுத்த அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. ஜன்னலில் யாரோ கேள்வி கேட்கிறார்களோ. முப்பத்தைந்து, முப்பத்தாறு. தூக்கின கையை அசைத்துக் காட்டினேன். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், ஒரு முழக் கதவுக்கு வெளியே யாருக்குக் கேட்கும். முப்பத்தெட்டு. சூசைமாணிக்கம் பஸ் நிலையத்துக்குப் போயிருப்பார். அவருக்கு இன்று குறைவாகப் போயிருக்கும், என் சதுரம், என் அறுபத்திரண்டு, அவர் நோயில் பாதிக்குத் தொட்டிருக்குமா. முப்பத்தொன்பது. இன்றைக்கு மட்டும்தானா அவர் முந்திப் போனார். நாற்பது. இல்லையே. பதினைந்தாவது நாள், போன செவ்வாய்க்கிழமை, அன்றைக்கும் அரை நாள் பள்ளிக்கூடம், எங்களைப் போல இடுப்பில் கோடு போட்ட பனையடியானிடம் கேட்டு முன்னால் போனார். பதினேழாவது நாள், வியாழக்கிழமை, மறுபடியும் பனையடியானிடம்தான். இரண்டும் லீலாவதி அம்மா போன பிறகு. நான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாருக்கு முன்னால் போகிறார்கள் என்பதைக்கூட எண்ணி வைத்துக்கொள்கிற ஆள் நான். பனையடியானுக்கு எண்ணத் தெரியாது. வெள்ளிக்கிழமை தொட்டு அவர் ஒரு வாய் கஞ்சியும் இறங்காமல் வெளியே தூண் ஓரம் உட்கார்ந்து ஓங்கரித்துக்கொண்டிருக்கிறார், கரண்டு வைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன், என் எலுமிச்சம்பழத்தைக்கூட அவருக்குக் கொடுத்தேன். நாற்பத்தொன்று. டக்.

கை தூக்கி நின்றது பதினொன்று. பதினொன்றா. பதினொன்றுதான்.

செருப்புச் சத்தம் ஓடி வந்தது. "என்ன தாத்தா, என்ன பண்ணுது? வாந்தி வருதா? மூச்சு முட்டுதா?"

"எந்த நம்பர் அட்ட வச்சிருக்கியம்மா?"

"என்னது?"

"எம் நம்பரு நானூத்திப் பன்னெண்டு. நாலு, ஒண்ணு, ரெண்டு. பேரு மாடக்கண்ணு. அப்பா பேரு சுடலையாண்டி."

அவள் சிரிக்கப் போனாள். நோய் முற்றினவர்கள் இந்த அறையில் என்னென்னவோ பேசுவார்கள் போலிருக்கிறது. சிரிப்பு முகத்தில் ஏறும்போதே கண் அட்டைக்குப் போனது. அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். சிரிப்பு இறங்கி எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீங்க... நீங்க சூசைமாணிக்கம் இல்லியா?"

"அவரு எனக்கு முந்தி வந்துட்டுப் போயிட்டாரு. நாந்தாம்மா போவச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாயிட்டுன்னாரு."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். என் வேட்டியை யாரும் சொல்லாமலே இழுத்து மூடிவிட்டாள், அப்போதுதான் அவளும் சின்னப் பிள்ளை என்று தோன்றியது. "நான் பேரு கேட்டிருக்கணும்" என்றாள், என்னிடம் இல்லை, அந்த அட்டையிடம். பிறகு வேகமாக, "பயப்படாதீங்க தாத்தா. டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுவேன். ஒரு நாள்னா மிச்ச நாள்ல கூட்டிக் குறைச்சு சரி பண்ணிடுவாங்க. ஒண்ணும் ஆகாது. ஒரு நாள்தானே? இன்னிக்கு மட்டும்தானே, தாத்தா?"

அந்தக் கடைசிச் சொல்லில் அவள் என்னைக் கெஞ்சினாள். ஆமாம் என்று சொன்னால் போதும். எனக்கு அது எளிதாக வருகிற வார்த்தை, வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறேன். இவள் தப்பித்துக்கொள்வாள், நானும் இறங்கி ஒன்றுக்குப் போகலாம். கதவு திறந்திருந்ததால் வெளியே தூண் ஓரத்தில் பனையடியான் ஓங்கரிக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. ஒருதரம், இரண்டுதரம்.

"இல்லம்மா" என்றேன். என் குரல்தான், ஆனால் எனக்குப் பழக்கமில்லாமல் கேட்டது. "மூணு நாளு. போன செவ்வாயும் வியாழனும் அவரும் பனையடியானும் மாறிப் போனாவ. இன்னைக்கு நான். எனக்கு அன்னைக்கே தெரியும், சொல்லல. சூசைமாணிக்கத்துக்குப் பன்னெண்டு இருவதுக்குப் பஸ்ஸு. என் வீட்டுக்காரி வெளிய இருக்கா, ஆள அனுப்பினா புடிச்சிரலாம்."

அவள் ஓங்கரிக்கிற சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். தூக்கின கையை நான் இன்னும் இறக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இறக்கவும் தோன்றவில்லை.

"மூணு நாளு" என்று மறுபடியும் சொன்னேன். அவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டு கிடந்தேன்.